வயலைப் பார்த்துக்கொண்டவர்

வானொலி நேயர்களுக்கு என் பணிவான வணக்கம்.

சிங்கப்பூர்த் தமிழர்களின் வரலாறு என்றதும், கப்பலில் வந்து இறங்கிய ஆண்களின் கதையைத்தான் நாம் முதலில் சொல்லத் தொடங்குகிறோம். துறைமுகத்தில் மூட்டை சுமந்தவர்கள், சாலை போட்டவர்கள், செம்பவாங் கடற்படைத் தளத்தில் வேலை பார்த்தவர்கள், சிராங்கூன் சாலையில் கடை வைத்தவர்கள் என்று அவர்களுடைய வாழ்க்கை நூல்களிலும் ஒலிப்பதிவுகளிலும் ஓரளவு பதிவாகியிருக்கிறது. 2015ஆம் ஆண்டு கேம்பல் லேனில் திறக்கப்பட்ட இந்திய மரபுடைமை நிலையத்திலும் அவர்களுக்கு இடம் கிடைத்திருக்கிறது. அவர்களுக்கு அந்தப் பெருமை உரியதே. ஆனால் அந்த ஆண்களில் பலர் மனைவியையும் பிள்ளைகளையும் ஊரில் விட்டுவிட்டுத் தனியாக வந்தவர்கள். அவர்கள் இங்கே உழைத்துக்கொண்டிருந்த காலமெல்லாம் ஊரில் இருந்த துண்டு நிலத்தை விதைத்து, நட்டு, அறுத்து, கடனுக்கு வட்டி கட்டி, வயதான மாமனார் மாமியாரைப் பார்த்து, பிள்ளைகளை ஆளாக்கியவர்கள் யார் என்ற கேள்வியை நாம் போதுமான அளவுக்குக் கேட்கவில்லை என்பது என் எண்ணம். அந்தப் பெண்களில் ஒருவரை எனக்கு நன்றாகத் தெரியும். அவர் என் தந்தையின் தாயார். எங்கள் பக்கத்து வழக்கப்படி நான் அவரை அப்பாயி என்று அழைத்தேன்.

எங்கள் ஊர் ஒரத்தநாட்டுக்கும் மன்னார்குடிக்கும் இடையில் இருக்கிறது. தஞ்சாவூர் என்றாலே கண்ணுக்கெட்டிய தூரம் வண்டல் மண்ணும் வாய்க்கால் நீரும்தான் பலருக்கும் நினைவுக்கு வரும். எங்கள் பக்கம் அப்படிப்பட்டதன்று. செம்மண் கலந்த மேட்டு நிலம். வானம் பார்த்த பூமி. வரகும் கடலையும் போட்டுக்கொண்டிருந்த ஊர்கள் அவை. 1934இல் மேட்டூர் அணை பயன்பாட்டுக்கு வந்தபோது, அந்தத் திட்டத்தின் ஒரு பகுதியாகக் கல்லணையிலிருந்து ஒரு புதிய கால்வாயும் வெட்டப்பட்டது. ஏட்டில் அதற்குக் கல்லணைக் கால்வாய் என்று பெயர். எங்கள் மக்களுக்கு அது இன்றைக்கும் புது ஆறுதான். அந்த ஆற்றில் தண்ணீர் ஓடத் தொடங்கிய நாள்களில்தான் அப்பாயி வாழ்க்கைப்பட்டு எங்கள் ஊருக்கு வந்தார்.

ஆற்றில் தண்ணீர் வந்துவிட்டதாலேயே புஞ்சை நஞ்சையாகிவிடாது. மேட்டை வெட்டிப் பள்ளத்தில் கொட்டி நிலத்தைச் சமப்படுத்த வேண்டும்; வரப்புப் போட வேண்டும்; கிளை வாய்க்காலிலிருந்து தன் வயலுக்குக் கன்னி வாய்க்கால் இழுக்க வேண்டும். அதற்கு ஆளும் மாடும் பணமும் வேண்டும். எங்கள் குடும்பத்துக்கு இருந்தது ஐந்து மா. இருபது மா சேர்ந்தது ஒரு வேலி. ஒரு மா ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு ஏக்கர். அந்த ஐந்து மாவைத் திருத்துவதற்காகத் தாத்தா கடன் வாங்கினார். வேலை பாதியில் நின்றது, வட்டி நிற்கவில்லை. 1937இல் நாகப்பட்டினத்தில் ரஜூலா கப்பல் ஏறினார். அப்போது என் தந்தை வயிற்றில் மூன்று மாதம்.

தாத்தாவுக்குச் சிங்கப்பூரில், செம்பவாங்கிலிருந்த பிரிட்டிஷ் கடற்படைத் தளத்தில் வேலை கிடைத்தது. மாதந்தோறும் பணம் வந்தது. பணத்தோடு இரண்டு வரி நலம் விசாரிப்பும் வந்தது. அப்பாயிக்கு எழுதப் படிக்கத் தெரியாது. பள்ளிக்கூடத்து வாத்தியார் படித்துச் சொல்வார். இப்படி நான்கரை ஆண்டுகள் கழிந்தன. 1942 பிப்ரவரி 15ஆம் நாள் சிங்கப்பூர் ஜப்பானியரிடம் வீழ்ந்தது. அதன்பின் கடிதம் இல்லை, பணம் இல்லை, ஆள் இருக்கிறாரா இல்லையா என்ற செய்தியும் இல்லை. அதே ஆண்டில் பர்மாவும் ஜப்பானியர் கைக்குப் போய், அங்கிருந்து சென்னை மாகாணத்துக்கு வந்துகொண்டிருந்த அரிசி நின்றதால் எங்கும் நெல்லுக்குத் தட்டுப்பாடு. இருபத்தைந்து வயதுகூட நிரம்பாத ஒரு பெண், கையில் நான்கு வயதுப் பிள்ளை, வீட்டில் நோயாளி மாமியார், பாதி திருத்திய நிலம், முழுதாக நிற்கும் கடன் என்ற நிலையில் தனியாக நின்றார்.

அந்த மூன்றரை ஆண்டுகளில் அவர் செய்ததை ஊரார் சொல்லித்தான் நான் அறிந்தேன். அவராக ஒருபோதும் சொன்னதில்லை. நடவுக் காலத்தில் விடியற்காலையில் ஊரார் வயலில் கூலிக்கு நாற்று நட்டுவிட்டு, பொழுது சாய்ந்த பிறகு தன் வயலுக்கு வந்து இருட்டும் வரை நடுவார். மேட்டூர் அணையைத் தை மாதத்தில் மூடி ஆனியில்தான் திறப்பார்கள் என்பதால், மாசி முதல் வைகாசி வரை கால்வாய் காய்ந்து கிடக்கும். அந்த மாதங்களில் ஊர்ப் பெண்கள் புளி உரிப்பதும் கடலை உடைப்பதுமாக இருக்க, அப்பாயி மண்வெட்டியும் கூடையும் எடுத்துக்கொண்டு மேட்டுக்குப் போவார். வெட்டிய மண்ணைத் தலையில் சுமந்து பள்ளத்தில் கொட்டி, முதல் மழை பெய்ததும் தண்ணீர் எங்கே தேங்குகிறது என்று பார்த்து, தேங்கிய இடத்தில் மறுபடியும் கொட்டுவார். மட்டம் பார்க்க அவரிடம் இருந்த கருவி மழைத் தண்ணீர் ஒன்றுதான். "அவன் போயிட்டான், இனிமே யாருக்காக இந்த மண்ணைப் போட்டு அடிச்சிக்கிறே?" என்று மாமியாரே கேட்டாராம். அதற்கு அப்பாயி சொன்ன பதில் எங்கள் குடும்பத்தில் இன்றும் சொல்லப்படுகிறது: "அவுக வந்தாலும் சோறு திங்கணும், வராட்டியும் நாம சோறு திங்கணும்."

போர் முடிந்து, 1946இல் முதல் கடிதம் வந்தபோது ஐந்து மாவில் மூன்று மா நஞ்சையாகியிருந்தது. மறு ஆண்டு தாத்தா ஊருக்கு வந்தார். என் தந்தை தம்முடைய தந்தையை முதன்முதலாகப் பார்த்தது அப்போதுதான். அவருக்கு ஒன்பது வயது. சில மாதங்கள் இருந்துவிட்டுத் தாத்தா மீண்டும் கப்பல் ஏறினார். அடுத்த ஆண்டு என் அத்தை பிறந்தார். 1953இல் இங்கே குடிநுழைவுச் சட்டம் இறுகப்போகிறது என்று தெரிந்ததும் தாத்தா மகனையும் அழைத்துக்கொண்டார். வயலில் கை கொடுக்கக்கூடிய வயதை எட்டிய பிள்ளையை அனுப்பிவிட்டு, அப்பாயி மறுபடியும் தனியாக நின்றார். இந்த முடிவில் அவரிடம் யாரும் கருத்துக் கேட்டதாக நான் கேள்விப்படவில்லை.

நான் பிறந்து பத்து வயது வரை வளர்ந்தது அவரிடம்தான். ஆகவே, அவருடைய ஒரு நாளை என்னால் அருகிலிருந்து சொல்ல முடியும். அதிலும் நெல் அவிக்கும் நாளைச் சொல்ல வேண்டும். முதல் நாள் மாலையே நெல்லைத் தொட்டியில் ஊறப் போடுவார். கோழி கூவுவதற்கு முன்பே எழுந்து அண்டாவின் அடியில் கொஞ்சம் தண்ணீர் விட்டு, ஊறிய நெல்லை அள்ளிப் போட்டு, பனை மட்டையும் உமியும் கொண்டு அடுப்பை மூட்டுவார். ஆவி மேலே வந்து நெல்லின் வாய் இலேசாகப் பிளந்ததும் இறக்கிவிட வேண்டும். கொஞ்சம் தாமதித்தாலும் பக்குவம் தவறிவிடும்; முந்தினால் அரிசி நொறுங்கும். முற்றத்தில் கொட்டிப் பரப்பிய பிறகு, நாழிகைக்கு ஒரு தடவை காலால் நெல்லைக் கிளறிக்கொண்டே நடப்பார். அவருடைய பாதம் போன வழியெல்லாம் சால் விழுந்திருக்கும். காக்கையையும் கோழியையும் விரட்டுவது என் வேலை. காய்ச்சல் போதுமா என்று பார்க்க நெல் ஒன்றை எடுத்து உமியை நீக்கிப் பல்லில் வைத்துக் கடிப்பார். அந்த ஓசையைக் கேட்டுத்தான் முடிவு செய்வார். மெத்தென்று அமுங்கினால் இன்னும் காய வேண்டும். சடக்கென்று இரண்டாகத் தெறித்தால் அதிகமாகக் காய்ந்துவிட்டது, குத்தும்போது பாதி குருணையாகிவிடும். அந்த இரண்டுக்கும் இடைப்பட்ட ஓசையை அவர் எனக்கு எத்தனையோ தடவை கேட்கச் சொல்லிக் காட்டியிருக்கிறார். எனக்கு அது பிடிபட்டதே இல்லை.

நெல்லைப் பற்றிய அவருடைய ஞானம் எவ்வளவு பெரியது என்பது எனக்குப் பின்னாளில்தான் விளங்கியது. 1960களில் தஞ்சை மாவட்டத்தில் வேளாண்மையைப் பெருக்க அரசு தீவிரமாக முனைந்தது. 1965ஐ ஒட்டி ஆடுதுறை 27 என்ற புதிய குறுவை நெல் பரவியது. எங்கள் ஊருக்கும் ஓர் அலுவலர் வந்து வீட்டுக்கு வீடு அதைப் பற்றிச் சொன்னார். எங்கள் வாசலில் நின்று, "வீட்டில் ஆண்கள் இல்லையா?" என்று கேட்டார். இல்லை என்றதும், எதிர்வீட்டுப் பங்காளியிடம் விவரத்தைச் சொல்லிவிட்டுப் போய்விட்டார். தாழ்வாரத்துத் தூண் ஓரமாக நின்று அவ்வளவையும் கேட்டுக்கொண்டிருந்த அப்பாயி, மறுநாள் அந்தப் பங்காளியிடமே கைமாற்றாக விதை வாங்கி, ஒரு மாவில் மட்டும் போட்டுப் பார்த்தார். நன்றாகவே விளைந்தது. ஆனால் அந்த நெல் அறுவடைக்கு வரும்போது ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. அறுத்துப் போட்ட கதிரிலேயே நெல் முளைவிட்டது. ஈர நெல்லை என்ன செய்வது என்று தெரியாமல் ஊரே திகைத்தபோது, அப்பாயி அதைக் காய வைக்க முயலவே இல்லை. ஈரத்தோடு அப்படியே அண்டாவில் போட்டு அவித்துவிட்டார். அவித்த நெல் முளைக்காது. அடுத்த வெயில் வரும் வரை புரட்டிப் புரட்டிப் போட்டுத் தாக்காட்டலாம். அந்த ஆண்டு எங்கள் தெருவில் ஏழெட்டு வீடுகள் அவரைப் பார்த்து நெல்லைக் காப்பாற்றிக்கொண்டன. இதே ஈர நெல் சிக்கலை ஆராய்வதற்காகத் திருவாரூரில் ஓர் ஆய்வுக்கூடமே அமைந்து, பின்னர் அது தஞ்சாவூருக்குப் பெயர்ந்து பெரிய நிறுவனமாக வளர்ந்தது என்பதைப் படித்தபோது, கையெழுத்துப் போடத் தெரியாத என் அப்பாயியை நினைத்து நான் பெருமைப்பட்டேன். அவர் அறிவாளி. அப்படிச் சொல்லி அவரை யாரும் அழைத்ததில்லை என்பதால் இந்த வானொலியில் நான் சொல்கிறேன்.

உழைப்பைப் பற்றிப் பேசும்போது உடம்பைப் பற்றியும் பேசியாக வேண்டும். நடவு மாதங்களில் அப்பாயியின் கால் விரல் இடுக்குகள் வெந்து வெளுத்துப் பிளந்திருக்கும். சேற்றுப்புண். இரவில் மருதாணி இலையையும் மஞ்சளையும் அரைத்து அப்பிக்கொண்டு, காலைத் திண்ணை விளிம்பில் தூக்கி வைத்துப் படுப்பார். காலையில் அதைக் கழுவிவிட்டு மறுபடியும் சேற்றில் இறங்குவார். தண்ணீர் குறைவான ஆண்டுகளில் முறை வைத்துத்தான் கால்வாயில் விடுவார்கள். நம் முறை நள்ளிரவில் வந்தால் நள்ளிரவில் போய் மடையைத் திறக்க வேண்டும்; கண் அயர்ந்தால் மேல்வயல்காரர் அடைத்துவிடுவார். இராந்தல் விளக்கும் மண்வெட்டியுமாக ஒரு பெண் வரப்பில் தனியே போவதைப் பற்றி ஊரில் பேச்சு எழாமல் இல்லை. அவர் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. பயிர் வாடினால் பேசியவர்கள் யாரும் படி அளக்கப் போவதில்லை என்பது அவருக்குத் தெரியும்.

இத்தனைக்கும் நிலத்தின் பட்டா தாத்தாவின் பெயரில் இருந்தது. விதைக்கும் உரத்துக்கும் கூட்டுறவுக் கடன் கேட்டபோது, பட்டாதாரர் கையெழுத்து வேண்டும் என்றார்கள். படிவம் விமானத் தபாலில் செம்பவாங் போய், கையெழுத்தாகித் திரும்பி வருவதற்குள் நடவு முடிந்துவிட்டது. அப்பாயி காதுத் தோட்டை அடகு வைத்து உரம் வாங்கினார். அந்த மண்ணைத் தலையில் சுமந்து கொட்டியவருக்கு அந்த மண்ணின் பேரில் நூறு ரூபாய் கடன் கேட்கும் உரிமை இல்லாமல் இருந்தது என்பதை நினைத்தால் எனக்கு இப்போதும் மனம் கொதிக்கிறது.

1968 தொடக்கத்தில் பிரிட்டிஷ் படைகளை விலக்கிக்கொள்ளப் போவதாக அறிவிப்பு வந்தது. 1971இல் அவற்றில் பெரும்பகுதி வெளியேறியது. தளத்தில் வேலை பார்த்த பலரைப் போலத் தாத்தாவும் கிடைத்த தொகையை வாங்கிக்கொண்டு ஊர் திரும்பினார். அதற்குச் சற்று முன்புதான் நானும் என் தாயாரும் தந்தையிடம் இங்கே வந்து சேர்ந்திருந்தோம். ஆகவே தாத்தா திரும்பிய கதையை அத்தை எழுதிய கடிதங்களில் படித்தோம். சங்கு ஊதினால் வேலைக்குப் போய்ச் சங்கு ஊதினால் வீட்டுக்கு வந்து பழகியவர் அவர். தம்முடைய பணத்தில் வாங்கிச் சேர்த்த இரண்டு மா உட்பட, தம் வயலின் எல்லை எது, மடை எது, எந்தப் பங்காளியோடு எந்த வரப்பில் வழக்கு என்று எதுவுமே அவருக்குத் தெரியவில்லை. முதல் நாள் வயலுக்குப் போனபோது அப்பாயி முன்னே நடக்க, தாத்தா பின்னே நடந்தாராம். அதுவரை எங்கள் ஊரில் யாரும் அப்படி நடந்து பார்த்ததில்லை என்று அத்தை எழுதியிருந்தார். தாத்தா நல்ல மனிதர். தமக்குத் தெரியாததைத் தெரியாது என்று மனைவியிடம் கேட்டுக் கற்றுக்கொண்டு, எஞ்சிய ஐந்தாறு ஆண்டுகளை அவரோடு வயலில் கழித்தார். திருமணமான தொடக்க ஆண்டுகளை விட்டால், அவர்கள் இருவரும் சேர்ந்தாற்போல் வாழ்ந்தது அவ்வளவு காலம்தான்.

தாத்தா மறைந்த பிறகு நிலம் சட்டப்படி மனைவி, மகன், மகள் மூவருக்கும் சம பங்காக வந்தது. என் தந்தையும் அத்தையும் தங்கள் பங்கை விட்டுக்கொடுத்து, முழு நிலத்தையும் அப்பாயி பெயருக்கு மாற்ற முடிவு செய்தார்கள். தந்தை அதற்காகவே விடுப்பு எடுத்துக்கொண்டு ஊருக்குப் போனார். பதிவு அலுவலகத்தில் அப்பாயியின் இடது பெருவிரலை மையில் தோய்த்துத் தாளில் வைத்தபோது வெறும் கறுப்புத் திட்டுதான் விழுந்தது. துடைத்துவிட்டு மறுபடி வைத்தார்கள், மறுபடியும் திட்டுதான். நாற்று முடியைப் பிரித்தும், மண்வெட்டிக் காம்பைப் பிடித்தும், உமிச் சாம்பலால் அண்டா துலக்கியும் அந்த விரலின் ரேகை தேய்ந்து போயிருந்தது. எழுத்தர் மையை ஒற்றி எடுத்து, விரலை மெல்ல உருட்டி உருட்டி, ஓரத்தில் எஞ்சியிருந்த நான்கைந்து கோடுகளைப் பதிய வைத்தார். அப்படித்தான் அந்த ஏழு மா அவருடைய பெயருக்கு வந்தது.

அதன்பின் ஒருமுறை அவர் எம்.வி. சிதம்பரம் கப்பலில் சிங்கப்பூர் வந்தார். தோ பாயோவில் எங்கள் வீடமைப்பு வளர்ச்சிக் கழக அடுக்குமாடி வீட்டில் சில மாதங்கள் தங்கினார். சிராங்கூன் சாலையை ஒட்டிய தேக்காவிலிருந்து வாங்கி வந்த அரிசியில் ஒன்றை எடுத்துப் பல்லில் கடித்து, "நல்லாக் காய வச்சிருக்காக" என்று, கண்ணால் கண்டிராத ஏதோ ஒரு நாட்டு உழவர்களைப் பாராட்டினார். ஆடி பிறக்கப் போகிறது, நாற்றங்காலைப் பார்க்க ஆளில்லை என்று சொல்லிப் பிடிவாதமாகத் திரும்பிப் போய்விட்டார். 1994இல் எங்கள் ஊரிலேயே காலமானார்.

இதைப் பழங்கதையாக நினைக்க வேண்டாம் என்று நேயர்களைக் கேட்டுக்கொள்கிறேன். ஞாயிற்றுக்கிழமை தேக்காவில் நின்று பேசிப் பாருங்கள். ஒரத்தநாடு, பட்டுக்கோட்டை, பேராவூரணி, அறந்தாங்கி என்று ஊர்ப் பெயர் சொல்லும் இளைஞர்கள் இன்றும் இருக்கிறார்கள். 2018 நவம்பரில் கஜா புயல் அந்தப் பக்கத்துத் தென்னைகளைச் சாய்த்தபோது, அவர்களில் பலர் இங்கே கட்டுமானத் தளங்களிலும் கப்பல் பட்டறைகளிலும் இருந்தார்கள். விழுந்த மரங்களை அறுத்து அகற்றுவதற்கு ஆள் தேடி அலைந்தவர்களில் அவர்களுடைய மனைவிமாரும் தாய்மாரும் இருந்தார்கள். அண்மையில் நான் பேசிய ஓர் இளைஞர், புது ஆற்றில் தண்ணீர் வந்துவிட்டது, மனைவி நாற்று விட்டிருக்கிறார் என்று கைப்பேசியில் படம் காட்டினார். நிலம் யார் பெயரில் இருக்கிறது என்று கேட்டேன். அப்பா பெயரில் என்றார். உங்கள் மனைவிக்குக் கடன் வேண்டுமென்றால் யார் கையெழுத்துப் போடுவார் என்று கேட்டேன். அவர் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, இந்த முறை ஊருக்குப் போகும்போது அதைப் பற்றிப் பேசுகிறேன் என்றார்.

நம் வீடுகளில் எண்பது வயதைத் தாண்டியவர்கள் இன்னும் இருக்கிறார்கள். எந்தக் கப்பலில் வந்தீர்கள், எங்கே தங்கினீர்கள், முதல் சம்பளம் எவ்வளவு என்று அவர்களிடம் கேட்கிறோம். அவற்றோடு இவற்றையும் கேட்டுப் பதிவு செய்யுங்கள்: ஊரில் உங்கள் வயலை யார் பார்த்துக்கொண்டார்? எத்தனை மணிக்கு எழுந்தார்? போர்க்காலத்தில் என்ன சாப்பிட்டார்? அவருக்கு என்ன கடன் இருந்தது, அதை எப்படி அடைத்தார்? அவருடைய பெயர் என்ன? என் தந்தைக்கு இப்போது எண்பத்தேழு வயது. நாள்தோறும் மாலையில் சிறிது நேரம் அவரைப் பேச வைத்துப் பதிவு செய்து வருகிறேன். சென்ற வாரம், 1944இல் அப்பாயியோடு மண் கூடை சுமந்த கோடை நாள்களைப் பற்றிச் சொன்னார். இன்று மாலை, புது ஆற்றில் எந்த மடையிலிருந்து எங்கள் வயலுக்குத் தண்ணீர் வந்தது என்று கேட்கப் போகிறேன்.

வாய்ப்பளித்த வானொலி நிலையத்தாருக்கும், பொறுமையோடு கேட்ட உங்களுக்கும் நன்றி. வணக்கம்.